ஐவரி கவுனும் விரலி மஞ்சளும்

உடை என்று எனக்குத் தெரிந்தவை மூன்றுதான். வயலுக்கு லுங்கி, கடைத்தெருவுக்கு வேட்டி, கல்யாணத்துக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இந்த அறிவை மூலதனமாக வைத்துக்கொண்டு துபாய்க்குக் கவுன் எடுக்கப் போன விவசாயி திருவிடைமருதூர் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அழைத்தது என் அக்கா மகள் கீர்த்தனா. துபாயில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தை மாதம் மயிலாடுதுறையில் அவளுக்குக் கல்யாணம். "மாமா, ரிசப்ஷன் டிரஸ் நீங்கதான் எடுத்துத் தரணும். இங்க வந்து எடுத்துத் தரணும். அம்மாவும் இங்கதான் இருக்காங்க. நாலு நாள் வாங்க" என்றாள் போனில். அம்மாவும் இருக்கிறாள் என்பதை அவள் ஏதோ சட்டினியில் உப்புப் போடுவது மாதிரி நடுவில் தூவிவிட்டாள். விஷயமே அதில்தான் இருந்தது.

என் அக்கா மல்லிகா என்னோடு பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. கீர்த்தனா வயதுக்கு வந்த சடங்கன்று தாய்மாமனான நான் சீர்த்தட்டோடு முதல் ஆளாகப் போய் நின்றிருக்க வேண்டும். அன்று விடிந்ததும் விடியாததுமாக, இரண்டு வாரமாகக் காத்திருந்த அறுவடை மெஷின் எங்கள் வயலில் வந்து நின்றது. வானம் கருத்துக் கிடந்தது. இரண்டு மணி நேர வேலைதானே என்று இறக்கிவிட்டேன். மெஷின் சேற்றில் புதைந்தது. அதைக் கிளப்பி, நெல்லை மூடி, குளித்து, நான் மயிலாடுதுறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மகன் ராஜேந்திரன் மாமன் இடத்தில் நின்று எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தான். "நெல்லுதான் பெருசுன்னு இருந்தவரு நெல்லோடயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். அவ்வளவுதான்.

கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் தங்கப் பட்டம் கட்டுவதும் தாய்மாமன் உரிமைதான். அதற்கும் ராஜேந்திரனையே அக்கா சொல்லிவைத்துவிட்டதாக அத்தான் என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். ஆகவே கவுன் ஒரு சாக்கு. என் பட்டத்தை மீட்டுக்கொண்டு வரத்தான் நான் விமானம் ஏறினேன்.

கிளம்பும்போது என் மனைவி கோமதி ஒரு துண்டு விரலி மஞ்சளைப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டாள். "புதுத்துணியில மஞ்சள் தொட்டு வெச்சுத்தான் பொண்ணு கையில குடுக்கணும். வெறுமனே நீட்டிட்டு வந்து நிக்காதீங்க. அப்புறம் உங்க அக்கா அதுக்கு இன்னொரு பதினோரு வருஷம் பேசமாட்டாங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் போய் இறங்கினேன். ஊரில் ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே வானத்தில் மேகம் என்கிற பேச்சே இல்லை. டாக்ஸி ஓட்டியவர் பெஷாவர்க்காரர். கீர்த்தனாவிடம் இந்தியில் என்னைப் பற்றி விசாரித்துவிட்டு, "விவசாயிகளை ஏற்றினால் கண்ணாடியைத் திறக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் ஏசியைக் கூட்டச் சொல்வார்கள்" என்றாராம். நான் அதற்குள் கண்ணாடியை இறக்கியிருந்தேன்.

கதவைத் திறந்தது அக்கா. தலை நரைத்திருந்தது. "அக்கா" என்றேன். அவள் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பெட்டியோடு நின்ற மகளைப் பார்த்தாள்.

"கீர்த்தனா, வந்தவங்களுக்குத் தண்ணி குடு."

அன்றிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் மூன்றாம் ஆள் வழியாகத்தான் வந்தது. "வந்தவங்களுக்கு அப்பளம் கருகலாத்தான் பிடிக்கும், அந்தப் பக்கத்துல இருக்கறத எடுத்து வை." வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் அப்படியே எங்கள் அம்மா கைப்பக்குவம். கீர்த்தனா குளிக்கப் போனபோது வீட்டில் மூன்றாம் ஆள் இல்லாமல் போயிற்று. அக்கா கொஞ்சமும் அசரவில்லை. பிரிட்ஜைப் பார்த்து, "உள்ள மோர் இருக்கு. வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்" என்றாள்.

சாயங்காலம் நான் குளித்துவிட்டு ஈரத் துண்டைப் பால்கனியில் காயப்போடப் போனேன். கீர்த்தனா ஓடி வந்து பிடுங்கினாள். "வெளியில தெரியற மாதிரி துணி காயப்போட்டா இங்க அபராதம் மாமா!" இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்ட ஊரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

புதன்கிழமை கடைகளுக்குப் புறப்பட்டோம். மெட்ரோ ரயிலில் ஓட்டுநரே இல்லை. அந்த ஆச்சரியத்தில் நான் கீர்த்தனாவும் அக்காவும் ஏறிய பெட்டியிலேயே ஏறிவிட்டேன். சுற்றிலும் பெண்கள். தரையில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று இருந்ததாம். சீருடை போட்ட ஒருவர் வந்து ஆங்கிலத்தில், "ஐயா, நீங்கள் நிற்பது பெண்கள் பகுதி" என்றார். அக்கா அவரிடம் நல்ல தமிழில் சொன்னாள்: "அவருக்குப் படிக்க வரும் சார். எங்க நிக்கணும்னுதான் என்னைக்குமே தெரியாது." அவருக்கு என்ன புரிந்ததோ, அபராதம் போடாமல் என்னைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார். அக்கா சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் பதினோரு வருடத்தில் என்னைப் பற்றி அவள் சொன்ன மிக நீளமான பேச்சு அது.

நாங்கள் போய் இறங்கிய ஷாப்பிங் மால் பற்றி என்ன சொல்ல. கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றியிருக்கும் கடைகளையெல்லாம் தூக்கி உள்ளே வைத்தாலும் ஒரு மூலை நிறையாது. கைப்பைக் கடையில் அலமாரிக்கு ஒரே ஒரு பை, அதற்குத் தனியாக விளக்கு. எங்கள் கடைத்தெருவில் ஒரு ஆணியில் இருபது பை தொங்கும். பெட்டியிலிருந்து ஒரு பையை எடுத்துக் காட்டிய பிலிப்பைன்ஸ் பெண் வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள். அந்தப் பைக்குள் வைக்க ஒரு குட்டிப் பை, மழைக்கு ஒரு உறை, தூசிக்கு ஒரு உறை. "பையைப் போட்டு வைக்க இவ்வளவு பையா?" என்றேன். கீர்த்தனா மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் கையுறையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நகைக் கடையில் உட்காரவைத்துப் பேரீச்சம்பழமும் அரபுக் காப்பியும் கொடுத்தார்கள். கட்டைவிரல் அளவுக் கோப்பை. ஏலக்காய் வாசம் தூக்கலாக, சர்க்கரையே இல்லாமல். குடித்துவிட்டு மரியாதையாகக் கோப்பையை நீட்டினேன். ஊற்றினார். குடித்தேன், நீட்டினேன், ஊற்றினார். ஏழாவது கோப்பையில்தான் கீர்த்தனா கவனித்து, போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும் என்றாள். இதற்குள் அக்கா அங்கே ஒரு வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு கேரட் என்றதும் சட்டென்று கீழே வைத்தாள். "இது தங்கமா, தங்கத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சியா?" எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அவள் வாய் ஓரமும் ஒரு கணம் அசைந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் இறுக்கிக்கொண்டாள்.

கடைசியில் கவுன் கடை. கீர்த்தனா முன்பே பார்த்துவைத்திருந்தாள். தோளிலிருந்து தரை வரைக்கும் பால் ஊற்றின மாதிரி இறங்கும் பட்டுத்துணி, பின்னால் இரண்டு முழம் தரையில் புரண்டது. அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

"கல்யாணப் பொண்ணுக்கு வெள்ளையா?"

"வெள்ளை இல்லம்மா, ஐவரி."

"எந்த வரியா இருந்தாலும் வெள்ளை வெள்ளைதான். ஒரு பொட்டு மஞ்சள், ஒரு பொட்டு செவப்பு இல்ல பாரு. எடுக்கறவங்களுக்கு அது தெரிய வேண்டாமா?"

எடுக்கிறவன் நான்தான். தர்மசங்கடம். பெண் பக்கம் சாய்ந்தால் அக்கா போய்விடுவாள், அக்கா பக்கம் சாய்ந்தால் என்னை அழைத்த பெண் முகம் வாடும். அதற்குள் கீர்த்தனா அதைப் போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே வந்து நின்றாள். பந்தல் பிரித்த அன்று தூணோரம் நின்று, "ஏன் மாமா லேட்டு?" என்று கேட்ட பாவாடைச் சட்டைக்காரியா இது என்று இருந்தது. "எடுத்துக்கம்மா" என்றேன். விலையைச் சொல்ல மாட்டேன். இதைக் கோமதி படிப்பாள். நீளத்தைக் குறைத்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொன்னார்கள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் அக்கா மூன்றாம் ஆளோடும் பேசவில்லை.

வியாழக்கிழமை பொன் அங்காடிக்குக் கிளம்பினோம். மால்களில் பார்த்தது ஜம்பம் என்றும், இனிமேல்தான் நகை என்றும் அக்கா கருதினாள். ஆனால் பன்னிரண்டு மணிக்கு வாசலில் செருப்பை மாட்டும்போது அவளுக்கு ராகுகாலம் ஞாபகம் வந்தது. வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று. இந்திய நேரமா, துபாய் நேரமா என்று கீர்த்தனா கேட்டாள். ஊரில் அப்போது சரியாக ஒன்றரை. ஊர்க் கணக்கில் ராகுகாலம் முடியும்போது துபாய்க் கணக்கில் ஆரம்பிக்கிறது. அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள்.

"ரெண்டும் கழியட்டும்" என்றாள்.

மூன்று மணி வரைக்கும் ஒரு மலையாளி ஓட்டலில் உட்கார்ந்து மீன் சாப்பாடும், அதன் மேல் சுண்டக் காய்ச்சிய டீயும், அதன் மேல் இன்னொரு டீயுமாகப் பொழுதை ஓட்டினோம். பிறகு படகு. கடல் ஊருக்குள் கை நீட்டின மாதிரி ஒரு நீர்வழி இருக்கிறது. அதைக் கடக்க மரப்படகு. படகோட்டி சிட்டகாங்காரர். எங்கள் ஊரில் என்ன ஆறு என்று கேட்டார். காவிரி என்றேன். "தண்ணீர் இருக்கிறதா?" என்றார். "வந்தால் வெள்ளம், இல்லாவிட்டால் மணல்" என்று கீர்த்தனாவைச் சொல்லச் சொன்னேன். "எங்கள் ஆறுகளும் அப்படித்தான்" என்று அவர் தலையாட்டினார். அக்கா தண்ணீரில் விரலை நனைத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு" என்று பொதுவாக அறிவித்தாள்.

பொன் அங்காடியில் கண் கூசிற்று. ஆள் உயரத்துக்குத் தங்கத்திலேயே அங்கி செய்து கண்ணாடிக்குள் மாட்டியிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு எப்படி உட்காருவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு கடையில் அக்கா மாங்காய் மாலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. இதுதான் சமயம் என்று தோன்றவே, கடைக்காரரான திருச்சூர்க்காரரிடம் நெற்றியில் கட்டும் தங்கப் பட்டம் இருக்குமா என்று கேட்டேன். நான் விரலால் நெற்றியில் கோடு இழுத்துக் காட்டியும் அவருக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மாலையைக் கீழே வைத்தாள்.

"பட்டம் கட்ட ஆள் சொல்லியாச்சுன்னு சொல்லுங்க" என்றாள் கடைக்காரரிடம். "போன தடவை வந்து நின்னவனே வந்து நிப்பான். வாங்க வேண்டியது இல்லைன்னு சொல்லுங்க."

அந்த மனிதர் என்னிடம் திரும்பி, "வேண்டியதில்லையாம்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். கீர்த்தனா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தாள். "சாரி மாமா. கவுனைக் கையில குடுக்கறப்ப அம்மா மனசு எளகும்னு நெனைச்சேன்." சனிக்கிழமை காலை எனக்கு விமானம். வெள்ளி ஒரு நாள்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை கீர்த்தனா ஆபீஸ் போய்விட்டாள். அக்கா கறிவேப்பிலை வாங்கக் கீழே கடைக்குப் போயிருந்தாள். பத்து மணிக்குக் கவுன் வந்தது. என் இடுப்பு உயரப் பெட்டி, உள்ளே அடுக்கடுக்காக மெல்லிய காகிதம். மஞ்சள் தொட வெள்ளிக்கிழமையைவிட நல்ல நாள் ஏது? எங்கள் பக்கம் சட்டைக் காலரோ சேலைத் தலைப்போ, எதிலும் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் உடுத்துவதில்லை. டீக் கோப்பையைக் கவிழ்த்து, அதன் சொரசொரப்பான அடிப்பாகத்தில் தண்ணீர் விட்டு விரலி மஞ்சளை இழைத்தேன். கவுனின் கீழ் ஓரத்தை எடுத்து உள்பக்கமாகக் கடுகளவு தொட்டு வைத்தேன்.

பட்டு என்றால் அப்படியா உறிஞ்சும்? கடுகு மிளகாயிற்று, மிளகு எட்டணாக் காசாயிற்று. உள்பக்கம் வைத்தது வெளிப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. அந்த ஓரத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். மீதிக் கவுன் என் தோளில் கிடந்தது. கையில் கிடைத்த சோப்பை எடுத்து அழுத்தித் தேய்த்தேன்.

மஞ்சள் சிவப்பாயிற்று. உள்ளங்கை அகலத்துக்கு, செக்கச் செவேலென்று.

அக்கா வந்ததை நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது வாசலில் நின்றாள், கையில் கறிவேப்பிலைக் கட்டு. கவுனைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். மூன்றாம் ஆளைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. அந்த வீட்டில் அப்போது பிரிட்ஜைத் தவிர யாரும் இல்லை, பிரிட்ஜும் தூரத்தில் இருந்தது.

"மஞ்சள்ல சோப்பு போட்டா செவக்கும்னு தெரியாதாடா உனக்கு?" என்றாள். "சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைக்கறதப் பாத்ததே இல்லியா?"

"பாத்திருக்கேன்க்கா" என்றேன். பிறகு எங்கிருந்து வந்ததோ, "கீர்த்தனாவுக்கு எடுத்த ஆரத்தியத்தான் பாக்கல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா கறிவேப்பிலையை என் கையில் திணித்தாள். "தள்ளு" என்று உட்கார்ந்து அந்த ஓரத்தை வெறும் தண்ணீரில் அலச ஆரம்பித்தாள். சிவப்பு இறங்கி மறுபடியும் மஞ்சளாயிற்று. அதற்கு மேல் போகவில்லை.

"இனிமே வெயில்தான்" என்றாள்.

வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் தொங்கவிட்டால் அபராதம். பால்கனிச் சுவரின் மறைவில் தரையில் பெட்ஷீட்டை விரித்தோம். அதன் மேல் கவுனின் ஓரத்தை மட்டும் வெயிலில் நீட்டி, மீதியை அக்கா மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். உச்சி வெயில். தலையில் ஆளுக்கொரு துண்டு. வெயில் நகர நகர நாங்களும் பெட்ஷீட்டை இழுத்துக்கொண்டு நகர்ந்தோம். களத்தில் நெல் காயப்போட்டுக் காக்கா ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் புது வேலை இல்லை. இங்கே காக்காவுக்குப் பதில் புறா. ஒன்று வந்து சுவரில் உட்கார்ந்து கவுனையே குறிபார்த்தது. அக்கா துண்டை உருவி வீசினாள்.

நடுவில் கோமதி வீடியோவில் வந்தாள். அங்கே ஓட்டில் மழை இரைவது இங்கே கேட்டது. அக்கா போனைப் பிடுங்கினாள். "ஏம்மா கோமதி, மஞ்சளைக் குடுத்து அனுப்பறவ இவன் கையிலயா குடுப்பே?" கோமதி வாயைத் திறந்தபடி திரையில் அப்படியே நின்றுவிட்டாள். லைன்தான் நின்றுவிட்டது என்று முதலில் நினைத்தேன்.

நான்கு மணிக்கு கீர்த்தனா வந்தபோது வெயில் பால்கனியின் கடைசி மூலையில் இருந்தது. நாங்களும் அங்கேதான் இருந்தோம். கறை வெளுத்து, தெரிந்து பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு ஒரு பொட்டாக நின்றுவிட்டது.

"ஐயோ, என் கவுனு!"

"கத்தாதடி. மாமன் மஞ்சள் தொட்டு வெச்சிருக்கான். இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "அந்த போனை எடு. ராஜேந்திரனைக் கூப்பிடு" என்றாள்.

கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். கீர்த்தனா கவுனை மறந்து அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராஜேந்திரா, கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துடு. பட்டம் நீ கட்ட வேண்டாம். தம்பி இருக்கான்."

அந்தப் பக்கம் ராஜேந்திரன் கொஞ்சம் தயங்கினான். நல்லவன்தான், மனதில் பட்டதைக் கேட்டுவிடுவான். "நல்லதுக்கா. ஆனா தை மாசம், சம்பா அறுப்பு ஆச்சே. அன்னிக்குப் பாத்து மெஷின் வந்து நின்னா?"

"மெஷினைத் திருப்பி அனுப்பிடுவேன், நெல்லு போனாப் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினாள். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பார்வை மட்டும் என் மேல் இருந்தது.

"வந்து நின்னா அறுத்துட்டு வரட்டும். அவன் வந்து பட்டம் கட்டாம நான் பொண்ணை மணவறைக்கு அனுப்பமாட்டேன்."